பெயரறிந்து பொருள் தேடலும் பொருளறிந்து பெயர் தேடலும்: கணினிக் கட்டளைகளின் ஒருவரி விளக்க வரலாறு

1. முன்னுரை

கொச்சி மாநகரின் எர்ணாகுளம் கரையில் பிராட்வே என்னும் பழைய கடைத்தெரு உள்ளது. துணி, மளிகை, நறுமணப் பொருள், பாத்திரம், எழுதுபொருள் எனப் பலவகைக் கடைகள் நெருங்கி நிற்கும் தெரு அது. காயலுக்கு மறுகரையில் மட்டாஞ்சேரி. மலையாளம், தமிழ், கொங்கணி, குசராத்தி, கச்சி, உருது எனப் பல மொழிகள் பேசுவோர் தலைமுறைகளாக வணிகம் செய்துவரும் பகுதி அது. இத்தகைய கடைத்தெருவில் பெயர்ப்பலகையின் அமைப்பு ஏறத்தாழ ஒரே தன்மையது. மேலே பெரிய எழுத்தில் கடையின் பெயர் இருக்கும். அதன் கீழே, அங்கு விற்கப்படுவது இன்னது என்பதைச் சிறிய எழுத்தில் ஒரு வரி கூறும்.

அத்தெருவுக்கு வருவோர் இருவகையினர். ஒருவர் கடையின் பெயரைக் கேள்விப்பட்டவர். அங்கு என்ன கிடைக்கும் என்று அவர் வினவுகிறார். மற்றவர் பித்தளைத் தாம்பாளம் வேண்டி வந்தவர். அது எந்தக் கடையில் கிடைக்கும் என்பது அவருடைய வினா. முன்னவர் பெயரிலிருந்து பொருளுக்குச் செல்கிறார். பின்னவர் பொருளிலிருந்து பெயருக்குச் செல்கிறார். பலகையிலுள்ள அந்த ஒரு வரியே இருவருக்கும் உதவுகிறது. எனினும் இரண்டாமவருக்கு அது உதவ வேண்டுமானால், அவர் அறிந்த மொழியிலும் அவர் வழங்கும் சொல்லிலும் அது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கணினியின் கட்டளைவரியில் பணிபுரிவோரும் இவ்விரு வினாக்களையே எழுப்புகின்றனர். யூனிக்ஸ் வழிவந்த இயக்குதளங்களில் ‘வாட்இஸ்’, ‘அப்ரோப்போ’ என்னும் இரு கட்டளைகள் இவ்வினாக்களுக்கு விடை தருகின்றன. இவை எவ்வாறு தோன்றின, இவற்றின் அடிப்படையான ஒருவரி விளக்கம் தமிழ் அகராதி மரபோடு எவ்வகையில் ஒப்புமையுடையது, தமிழாக்கத்தில் அதனை எவ்வாறு கையாள்வது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. கொச்சியும் முதல் அச்சு அகராதியும்

தமிழ் அச்சு வரலாற்றில் கொச்சிக்குத் தனியிடம் உண்டு. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாயிற்று. அடுத்த ஆண்டில், 1579இல், ‘கிரிசித்தியானி வணக்கம்’ கொச்சியில் அச்சேறியது. இரண்டும் அன்றீக் அன்றீக்கசு அடிகளாரின் முயற்சியால் தமிழில் வெளிவந்த நூல்கள். அதன்பின் சரியாக நூறாண்டுகள் கழித்து, 1679இல், கொச்சிக்கு வடக்கே இன்றைய திருச்சூர் மாவட்டத்திலுள்ள அம்பலக்காட்டில் அந்தம் தெ புரோயென்சா தொகுத்த தமிழ் - போர்த்துக்கீசிய அகராதி அச்சிடப்பட்டது. அச்சேறிய முதல் தமிழ் அகராதி இதுவே. தொகுத்தவர் 1666இலேயே மறைந்துவிட்டதால் நூல் அவர் காலத்தில் வெளிவரவில்லை. வத்திக்கான் நூலகத்தில் எஞ்சியிருந்த படியைத் தனிநாயகம் அடிகள் கண்டறிந்தார். 1966இல் கோலாலம்பூரில் அதன் நிழற்படப் பதிப்பு வெளிவந்தது.

இவ்வகராதியின் அமைப்பு இங்குக் கருதத்தக்கது. தமிழ்ச் சொல் முன்னே நிற்கும். அதனை அடுத்துப் போர்த்துக்கீசிய மொழியில் சுருக்கமான பொருள் வரும். மக்கள் பேசிய சொல்லைக் கேட்ட குருமார் அதன் பொருளை அறிய இது பயன்பட்டது. ஆனால் ஒரு கருத்தை மனத்திற் கொண்டு அதற்குரிய தமிழ்ச்சொல்லைத் தேடும் ஒருவருக்கு இந்நூல் நேரே வழி காட்டாது. அகராதி ஒரு திசையில் மட்டுமே திறந்திருந்தது. பெயரறிந்தவருக்கு வாயில் இருந்தது. பொருள் மட்டும் அறிந்தவருக்கு இல்லை. இருமொழி அகராதி தொகுப்போர் இரு பகுதிகளைத் தனித்தனியே தொகுக்க வேண்டியிருப்பதன் காரணம் இதுவே.

3. நிகண்டு முதல் சதுரகராதி வரை

இவ்விரு திசைகளின் தேவையைத் தமிழ் நிகண்டு மரபு முன்பே உணர்ந்திருந்தது. சேந்தன் திவாகரத்தின் பன்னிரண்டு தொகுதிகளுள் முதற் பத்தும் பொருளை முன்னிறுத்துவன. தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் என்றாங்குப் பொருள்களை வகைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் உரிய பல பெயர்களை அவை அடுக்கிக் கூறுகின்றன. பொருளறிந்தவர் பெயரை அடைவதற்கான வழி இது. பதினோராம் தொகுதியாகிய ஒருசொல் பல்பொருட் பெயர்த்தொகுதியோ சொல்லை முன்வைத்து அதன் பொருள்களைத் தருகிறது. பெயரறிந்தவர் பொருளை அடையும் வழி இது. ஒரே நூலில் இரு வாயில்களும் அமைந்திருப்பது நிகண்டின் சிறப்பு.

நிகண்டுகள் நினைவிற் கொள்ளப்பட வேண்டியவையாதலின் செய்யுளில் அமைந்தன. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டில் பதினோராம் தொகுதி எதுகை வரிசையில் அமைக்கப்பட்டது. திண்ணைப் பள்ளிகளில் ‘பதினோராவது நிகண்டு’ எனத் தனியே மனப்பாடம் செய்யப்பட்டதும் இப்பகுதியே. நினைவிலிருந்து தேடியெடுக்க எதுகை வரிசை உதவியது. ஏட்டைப் புரட்டித் தேடுவதற்கு அது போதாது. 1594இல் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு முதலெழுத்து வரிசையைக் கையாண்டது. தேடும் முறை மாறியபோது வரிசைப்படுத்தும் முறையும் மாறியது என்பதை இது காட்டுகிறது.

1732இல் வீரமாமுனிவர் இயற்றிய சதுரகராதி இவ்வளர்ச்சியின் நிறைவு எனலாம். பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாக அது அமைந்தது. பெயரகராதி சொல்லுக்குப் பொருள் கூறுகிறது. பொருளகராதி பொருளுக்குரிய பெயர்களைக் கூறுகிறது. இரு பகுதிகளும் அகரவரிசையில் அமைந்துள்ளன. நிகண்டின் இரு வாயில்களையும் செய்யுளிலிருந்து விடுவித்து, எவரும் தேடிக் காணத்தக்க வகையில் வைத்தவர் அவர். சுவடிகளில் வழங்கிவந்த இந்நூல் 1824இல் சென்னையில் அச்சாயிற்று.

விளக்கத்தின் அளவு குறித்தும் தமிழ் மரபில் ஒரு கொள்கை உண்டு. வெளிப்படையாகப் பொருள் விளங்கும் சொல்லுக்கு விளக்கம் வேண்டா, விளங்காத சொல்லுக்கே விளக்கம் வேண்டும் என்பது தொல்காப்பிய உரியியலின் நிலைப்பாடு. உரிச்சொற்களுக்கு அங்குத் தரப்படும் விளக்கங்கள் பெரும்பாலும் ஓரிரு சொற்களில் முடிகின்றன. அறியாத சொல்லை அறிந்த சொல்லால் குறுகிய அளவில் விளக்குதல் என்னும் இவ்வியல்பே பின்வந்த நிகண்டு, அகராதி ஆகியவற்றிலும் தொடர்ந்தது. கணினிக் கட்டளைக்கான ஒருவரி விளக்கத்தின் பணியும் இதுவே.

4. யூனிக்ஸ் கையேட்டின் பெயர்வரி

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்திலுள்ள பெல் ஆய்வகத்தில் 1969இல் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் யூனிக்ஸ் இயக்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். அதன் முதற் கையேடு 1971 நவம்பர் 3 என்னும் நாளைத் தாங்கி வெளிவந்தது. ஒவ்வொரு கட்டளைக்கும் தனிப் பக்கம் ஒதுக்கப்பட்டது. ஒவ்வொரு பக்கமும் ‘பெயர்’ என்னும் தலைப்புடன் தொடங்கியது. அத்தலைப்பின் கீழ்க் கட்டளையின் பெயர், ஒரு சிறு கோடு, மிகச் சுருக்கமான விளக்கம் ஆகிய மூன்றும் ஒரே வரியில் அமைந்தன. கட்டளையை எழுதும் முறை, விரிவான விளக்கம், தொடர்புடைய கோப்புகள், அறிந்த குறைபாடுகள் என்பன அதன்பின் வந்தன. அரை நூற்றாண்டு கடந்தும் இவ்வமைப்பு பெரிதும் மாறவில்லை.

பெயருக்கு விளக்கம் ஏன் இன்றியமையாததாயிற்று என்பதற்கு அக்காலக் கருவிகளின் இயல்பே காரணம். பயன்படுத்துவோர் தட்டெழுத்துத் தொலைமுனையங்களின் வழியே கணினியோடு உரையாடினர். அவற்றுள் பரவலாக வழங்கிய ஒரு வகை நொடிக்குப் பத்து எழுத்துகளையே அச்சிடவல்லது. எனவே கட்டளைப் பெயர்கள் இரண்டு, மூன்று எழுத்துகளாகச் சுருக்கப்பட்டன. அடைவிலுள்ளவற்றைப் பட்டியலிடும் கட்டளை ‘எல்எஸ்’ ஆயிற்று. படியெடுக்கும் கட்டளை ‘சிபி’ ஆயிற்று. நீக்கும் கட்டளை ‘ஆர்எம்’ ஆயிற்று. சுருங்கிய பெயர் தன் பொருளை இழந்து இடுகுறிப் பெயர்போல் ஆனது. இழந்த பொருளை அதற்கு மீட்டுத் தந்தது அதன் அருகிலிருந்த விளக்கமே. காரணப் பெயராகத் தோன்றியது இடுகுறியாக மாறும்போது விளக்கம் தேவைப்படுகிறது என்பது மொழியியலாருக்குப் புதிய செய்தியன்று.

அச்சிட்ட கையேட்டில் பொருளறிந்து பெயர் தேடுவோருக்கும் ஒரு வழி செய்யப்பட்டது. 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பின் கையேட்டில் சுழற்சி முறைச் சொல்லடைவு ஒன்று இடம்பெற்றிருந்தது. ஒருவரி விளக்கத்திலுள்ள ஒவ்வொரு முக்கியச் சொல்லும் முறையே தலைச்சொல்லாக முன்கொண்டுவரப்பட்டு அகரவரிசையில் வைக்கப்படும். ‘கோப்பு படியெடுத்தல்’ என்னும் விளக்கம் ‘கோப்பு’ என்பதன் கீழும் வரும். ‘படியெடுத்தல்’ என்பதன் கீழும் வரும். இம்முறையை 1950களின் இறுதியில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பீட்டர் லூன் அறிவியல் கட்டுரைத் தலைப்புகளுக்காகக் கணினிவழி நடைமுறைப்படுத்தினார். தலைப்பின் சொற்களே தேடற்சொற்கள் என்பது இதன் அடிப்படை. ஆகவே தலைப்பை எழுதுவோரின் சொல்தேர்வே தேடுவோரின் வெற்றியை உறுதி செய்தது.

5. இரு வினாக்கள், இரு கட்டளைகள்

அச்சிட்ட கையேட்டைக் கணினிக்குள்ளேயே வைத்துத் திரையில் படிக்கும் வசதி ஏற்பட்டபின், சொல்லடைவின் பணியையும் கணினியே செய்ய முடிந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் பில் ஜாய் 1977இல் கையேட்டுப் பக்கம் இருக்குமிடத்தைக் காட்டும் சிறு நிரல் ஒன்றை எழுதினார். 1979 பிப்ரவரியில் அவர் ‘வாட்இஸ்’, ‘அப்ரோப்போ’ ஆகிய இரண்டையும் எழுதினார். அவை பெர்க்கிலி யூனிக்சின் இரண்டாம் வெளியீட்டில் இடம்பெற்றன.

இவற்றின் செயல்முறை எளியது. எல்லாக் கையேட்டுப் பக்கங்களிலிருந்தும் பெயர்வரிகள் மட்டும் திரட்டப்பட்டு ஒரே கோப்பில் சேர்க்கப்பட்டன. ‘இது என்ன?’ என்னும் பொருள்தரும் ‘வாட்இஸ்’ கட்டளையின்பின் ஒரு பெயரை எழுதினால், அப்பெயருக்குரிய வரி திரையில் தோன்றும். ‘தொடர்பான’ என்னும் பொருளுடைய பிரெஞ்சுத் தொடரிலிருந்து பெயர்பெற்ற ‘அப்ரோப்போ’வின்பின் ஒரு சொல்லை எழுதினால், பெயரிலோ விளக்கத்திலோ அச்சொல் வரும் எல்லா வரிகளும் தோன்றும். முன்னது முழுப்பெயர் பொருந்துகிறதா என்று பார்க்கிறது. பின்னது எழுத்துத்தொடர் எங்கேனும் வருகிறதா என்று பார்க்கிறது. கையேட்டைக் காட்டும் ‘மேன்’ கட்டளையோடு உரிய துணைக்குறி ஒன்றைச் சேர்த்தும் இவ்விரு பணிகளையும் செய்யலாம். பின்வந்த லினக்ஸ் வழங்கல்களில் எளிய கோப்புக்கு மாற்றாகத் தரவுத்தளம் பயன்படுகிறது. தேடலின் அடிப்படை மாறவில்லை.

பெயரகராதியும் பொருளகராதியும் சதுரகராதியில் இரு பகுதிகளாகத் தனித்தனியே தொகுக்கப்பட வேண்டியிருந்தன. கணினியில் ஒரே தொகுப்பு இருவகையாகவும் திறக்கிறது. புதிதாக ஒரு பகுதியைத் தொகுக்க வேண்டிய உழைப்பு இல்லை. ஆனால் இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. நிகண்டு ஆசிரியர் பொருளுக்குரிய பெயர்கள் அனைத்தையும் தேடித் திரட்டினார். கணினியோ விளக்கத்தில் எழுதப்பட்ட சொல்லை மட்டுமே அறியும்.

6. சொல் பொருந்தாத இடம்

இக்குறைபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஆங்கிலத்தில் அழித்தல் என்பதற்கு ‘டிலீட்’ என்னும் சொல் மிகவும் வழக்கிலுள்ளது. கோப்பை அழிக்க விரும்பும் புதியவர் ‘அப்ரோப்போ’வின்பின் இச்சொல்லை எழுதினால், அவருக்கு வேண்டிய ‘ஆர்எம்’ கட்டளை விடைகளுள் இராது. ஏனெனில் அதன் ஒருவரி விளக்கத்தில் ‘ரிமூவ்’ என்னும் சொல்லே உள்ளது. மாறாக, எழுத்துகளை மாற்றவோ அழிக்கவோ பயன்படும் ‘டிஆர்’ என்னும் கட்டளையும், பயனர் கணக்கை அழிக்கும் கட்டளையும் தோன்றும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரும் இங்குத் தடுமாற நேரும்.

மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ‘டிரான்ஸ்லேட்’ என்னும் சொல்லைத் தேடினால் நிகழ்வது இன்னும் வேடிக்கையானது. அவருக்கு முன் வரும் விடைகளுள் ‘டிஆர்’ கட்டளையும் ஒன்று. ஓர் எழுத்தை மற்றோர் எழுத்தாக மாற்றுவதையே அதன் விளக்கம் அச்சொல்லால் குறிக்கிறது. மொழிபெயர்ப்போடு அதற்குத் தொடர்பில்லை. ஒருசொல் பல்பொருளாதலும் பலசொல் ஒருபொருளாதலும் நிகண்டு ஆசிரியர்கள் முதலாகக் கண்ட சிக்கல்களே. திவாகரத்தின் பதினோராம் தொகுதி முன்னதற்கும், முதற் பத்துத் தொகுதிகள் பின்னதற்கும் தீர்வாக அமைந்தன. கட்டளைவரித் தேடலில் இவ்விரு தீர்வுகளும் இல்லை.

7. தமிழில் நிகழ்ந்தவை

1991இல் வெளியான யூனிகோடு முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. எனினும் பல்லாண்டுகள் வெவ்வேறு எழுத்துருக் குறியீடுகள் வழங்கின. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி ‘டாம்’, ‘டாப்’ என்னும் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் தரப்படுத்தப்பட்டன. 2000ஆம் ஆண்டையொட்டிக் கே.டி.இ., க்னோம் ஆகிய வரைகலைப் பணிச்சூழல்களைத் தன்னார்வலர் பலர் தமிழாக்கத் தொடங்கினர். 2007இல் சென்னைச் சி-டாக் நிறுவனம் இந்திய மொழிகளுக்கு இடமளிக்கும் ‘பாஸ்’ லினக்சை வெளியிட்டது. பட்டிகள், பொத்தான்கள், செய்திப் பெட்டிகள் ஆகியவற்றில் தமிழ் தோன்றியது. கையேட்டுப் பக்கங்களின் பெயர்வரிகளோ பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நின்றன.

இதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. லினக்சின் அடிப்படை எழுத்துத்திரை ஒவ்வோர் எழுத்தையும் ஒரே அளவான கட்டத்துக்குள் அடைக்கிறது. அதிகம் போனால் 512 எழுத்து வடிவங்களையே அது ஏற்கும். தமிழில் எகர, ஏகார, ஐகாரக் குறிகள் மெய்க்குப் பின்னே குறியீடு பெற்றாலும் முன்னே எழுதப்படுகின்றன. ஒகர, ஓகாரக் குறிகள் மெய்யின் இருபுறமும் அமைகின்றன. இவ்வாறு இடம் மாற்றி வரையும் ஆற்றல் அத்திரைக்கு இல்லை. வரைகலைத் திரையில் தமிழ் விரைந்து நுழைந்ததற்கும், கட்டளைவரியில் அது பின்தங்கியதற்கும் இவ்வேறுபாடு ஒரு காரணம்.

இதனால் பாதிக்கப்படுவோர் யார் என்பது எண்ணத்தக்கது. கேரளத்தில் 2001இல் தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் கட்டற்ற மென்பொருளைப் பள்ளிகளில் பரவலாக்கியது. 2017இல் அத்திட்டம் ‘கைட்’ என்னும் நிறுவனமாக வடிவம் பெற்றது. இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களில் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. அங்குப் பயிலும் மாணவருக்குத் தகவல் தொழில்நுட்பப் பாடநூல் தமிழில் கிடைக்கிறது. அவருடைய கணினியில் லினக்ஸ் இயங்குகிறது. ஆயினும் பாடநூலில் பெயர் வராத ஒரு கட்டளையைத் தாமே தேடிக் காண அவர் முயலும்போது, அவர் எண்ணும் தமிழ்ச்சொல்லுக்கு ‘பொருத்தமானது எதுவுமில்லை’ என்னும் விடையே கிடைக்கும்.

இங்கு ஓர் உண்மை தெளிவாகிறது. கட்டளைப் பெயர்கள் எந்த மொழிக்குச் சென்றாலும் மாறுவதில்லை. ‘சிபி’ என்பது தமிழ்ப் பயனருக்கும் ‘சிபி’தான். எனவே பெயரறிந்தவர் ஆங்கில விளக்கத்தைப் பெற்றாலும், அகராதியின் துணையுடன் ஒருவாறு பொருளுணர்ந்துகொள்வார். பெயரறியாதவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. அவர் கையிலிருப்பது பொருள் மட்டுமே. அப்பொருள் அவருடைய மொழியில் உள்ளது. ஆகவே ஒருவரி விளக்கத்தைத் தமிழாக்குவதன் முதன்மையான பயன் தேடுவதற்கே உரியது; படிப்பதற்கு உதவுவது அதற்கு அடுத்ததே.

8. தேடத்தக்க தமிழ்

இவ்வாறு நோக்கினால், மொழிபெயர்ப்பாளர் நல்ல தமிழில் எழுதுவதோடு தேடத்தக்க தமிழிலும் எழுதவேண்டும் என்பது பெறப்படும். இவ்வகையில் நான்கு கூறுகள் கருதத்தக்கன.

முதலாவது, வினையின் வடிவம். ஆங்கிலப் பெயர்வரி வினையடியோடு தொடங்குகிறது. அது ஏவலாகவும் கொள்ளத்தக்கது. வெறும் வினையடியாகவும் கொள்ளத்தக்கது. தமிழில் இவ்விருமை இல்லை. ‘நீக்கு’ என்றால் ஒருமை ஏவல். யார் யாரை ஏவுகிறார் என்னும் வினா அங்கு எழுகிறது. ‘நீக்கும்’ என்றால் எழுவாய் தொக்கு நிற்கிறது. ‘நீக்குதல்’ என்னும் தொழிற்பெயர் இவ்விரு இடர்களையும் தவிர்க்கிறது. தேடலுக்கும் அதுவே உகந்தது. ‘நீக்கு’ என்று தேடுபவருக்கு ‘நீக்குதல்’ கிடைக்கும். ‘படியெடு’ என்று தேடுபவருக்குப் ‘படியெடுத்தல்’ கிடைக்கும். ‘தேடல்’ என்று எழுதினால் ‘தேடு’ என்னும் தேடற்சொல் அதில் பொருந்தாது. ‘தேடுதல்’ என்று எழுதினால் பொருந்தும். ‘கேள்’ என்பது ‘கேட்டல்’ ஆவதுபோல் அடி திரியும் வினைகளுக்கு மட்டும் இவ்வழி பயன்படாது.

இரண்டாவது, பெயரின் வேற்றுமை வடிவம். ‘கோப்பு’ என்னும் சொல் ‘கோப்பை’, ‘கோப்பில்’, ‘கோப்பின்’ எனத் திரியும்போது ஈற்றுகரம் கெடுகிறது. எழுத்துத்தொடரைப் பொருத்தும் கருவிக்கு இவை வேறு சொற்கள். ‘கோப்பை’ என்பது குடிக்கும் கலத்தையும் குறிக்கும். ‘படம்’ என்பது ‘படத்தை’ ஆகும்போது மகர ஈறு மறைந்து சாரியை தோன்றுகிறது. இதற்குத் தமிழ் இலக்கணமே வழி காட்டுகிறது. இரண்டாம் வேற்றுமைத் தொகையில் உருபு தொக்குப் பெயர் தன்னியல்பில் நிற்கும். ‘கோப்பை நீக்குதல்’ என்பதைக் ‘கோப்பு நீக்குதல்’ என்றும், ‘படத்தைக் காட்டுதல்’ என்பதைப் ‘படம் காட்டுதல்’ என்றும் எழுதினால் பொருள் கெடாது. பெயரும் தேடத்தக்க வடிவில் நிலைக்கும். பெயர்வரிக்குத் தேவையான சுருக்கமும் இதனால் கிட்டும்.

மூன்றாவது, சொல்தேர்வு. கோப்புகளின் தொகுப்பிடத்தைக் குறிக்க அடைவு, கோப்பகம், கோப்புறை என்னும் சொற்கள் வழங்குகின்றன. ‘கணினி’ என்பது இலங்கையில் ‘கணனி’ எனவும் எழுதப்பட்டுவந்தது. நீக்குதல், அழித்தல், அகற்றுதல் என்பன ஒன்றற்கொன்று மாற்றாக வருகின்றன. உரைநடையில் இவ்வேறுபாடுகள் படிப்பவரைத் தடுப்பதில்லை. தேடுபவரையோ முற்றிலும் தடுத்துவிடுகின்றன. ஒரு தொகுப்பு முழுவதும் ஒரு பொருளுக்கு ஒரே சொல் என்னும் நெறி இங்கு இன்றியமையாதது. தேர்ந்தெடுக்கப்படாத சொற்களைக் கைவிடுவதும் முறையன்று. அவற்றைத் தேர்ந்த சொல்லோடு இணைத்துக்காட்டும் தனிப்பட்டியல் ஒன்று தேவை. அப்பட்டியல் வீரமாமுனிவரின் பொருளகராதி செய்த பணியைச் செய்யும்.

நான்காவது, எழுத்துமுறை. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் உள்ளிடலாம். எகரக் குறியும் காலும் சேர்ந்த இரு குறியீடுகளாகவும் உள்ளிடலாம். திரையில் இரண்டும் ஒன்றே. யூனிகோடு நெறிப்படியும் இரண்டும் சமமானவை. ஆனால் முன்கூட்டிச் சீராக்காமல் ஒப்பிடும் கருவிக்கு அவை வேறு. ‘ஔ’ என்னும் எழுத்தை ‘ஒ’, ‘ள’ என்னும் இரு எழுத்துகளால் எழுதுவோரும் உளர். பெயர்வரியின் அமைப்பிலும் கவனம் வேண்டும். பெயருக்கும் விளக்கத்துக்கும் இடையிலுள்ள சிறு கோட்டைக் கொண்டே நிரல் வரியைப் பிரித்தெடுக்கிறது. அக்கோடு விடுபட்டாலோ வேறு குறியாக மாறினாலோ, பக்கம் இருந்தும் தேடலில் இல்லாததாகிவிடும். ‘பெயர்’ என்னும் தலைப்பையும் நிரல் அறிந்திருக்க வேண்டும். வெவ்வேறு மொழிகளில் அத்தலைப்பு எவ்வாறு வரும் என்னும் பட்டியல் நிரலுக்குள்ளேயே உள்ளதால், மொழிபெயர்ப்பாளர் தம் விருப்பம்போல் வேறு தலைப்பு இட முடியாது.

9. முடிவுரை

பெயரிலிருந்து பொருளுக்கும் பொருளிலிருந்து பெயருக்கும் செல்லும் இரு வழிகளையும் தமிழ் அகராதி மரபு பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வகுத்திருந்தது. அம்பலக்காட்டு அகராதி ஒரு வழியைத் திறந்தது. சதுரகராதி இரண்டையும் அகரவரிசையில் திறந்தது. 1979இல் பெர்க்கிலியில் எழுதப்பட்ட இரு சிறு கட்டளைகள் இப்பணியை ஒரே தொகுப்பைக் கொண்டு செய்துகாட்டின. ஆனால் விளக்கத்தின் சொல்லும் தேடுவோரின் சொல்லும் ஒன்றாக இருக்க வேண்டும் என்னும் கட்டுப்பாட்டையும் அவை உடன்கொண்டு வந்தன.

கையேட்டின் முழுப் பக்கங்களையும் தமிழாக்குவது பெரும்பணி. பெயர்வரிகளை மட்டும் தமிழாக்குவது அத்தகையதன்று. ஒரு கட்டளைக்கு ஐந்தாறு சொற்கள் போதும். அந்த ஐந்தாறு சொற்களைத் தொழிற்பெயராலும் வேற்றுமைத் தொகையாலும் அமைத்து, ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்னும் நெறியைப் பேணி, மாற்றுச் சொற்களைத் தனியே தொகுத்தால், பெயரறியாத தமிழ்ப் பயனருக்கும் வாயில் திறக்கும். பிராட்வேயில் தாம்பாளம் தேடி வருபவர் கடையின் பெயரை முன்பே அறிந்திருக்க வேண்டும் என்று எந்தக் கடைக்காரரும் எதிர்பார்ப்பதில்லை. பலகையின் இரண்டாம் வரி அவருக்காகவே எழுதப்படுகிறது. கட்டளைகளின் ஒருவரி விளக்கத்தையும் அவரை மனத்திற்கொண்டே மொழிபெயர்க்க வேண்டும்.